பழைய ஆலைக்குள் கலைஞர்கள் குடிவந்தால் ஊர் பிழைத்துவிடுமா? வூச், லைப்சிக் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நகர்_மாணவி:

நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தின் கட்டுரைக்கு நான் எடுத்திருக்கும் விஷயம், கிழக்கு ஐரோப்பாவில் சோஷலிச ஆட்சிகள் போன பிறகு மூடிக்கிடந்த ஆலைகளைக் கலை, வடிவமைப்பு, திருவிழா என்று நிரப்பி மீட்டெடுத்த கதை. முதல் உதாரணம் போலந்தின் வூச் நகரம் (வரைபடத்தில் லோட்ஸ் என்று படித்துவிடுவோமே, அதுதான்). 1988-ல் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊர், இப்போது ஆறரை லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் படிக்கிற கட்டுரைகள் எல்லாம் ஏதோ ஒரே ஆள் எழுதியது போல இருக்கின்றன. ஆலை மூடியது, ஓவியர்கள் வந்தார்கள், காபிக் கடை வந்தது, ஊருக்கு உயிர் வந்தது. நடுவில் யார் பணம் போட்டார்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள், ஒன்றும் இல்லை.

என் கேள்வி நேரானது. இந்தப் "படைப்பாற்றல்" உண்மையிலேயே ஊரைத் தூக்கி நிறுத்தியதா, அல்லது ரியல் எஸ்டேட்டுக்குக் கட்டிய தோரணமா? அங்கே வாழ்பவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். ஒப்பிட வேறு எந்த ஊரை எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். கோயம்புத்தூர் மில்களைத் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம், அதற்கு ஏற்கெனவே ஒரு இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே சண்டையும் ஓடுகிறது.


தறிநாடா:

வூச்சில்தான் இருக்கிறேன், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. முதலில் இரண்டு இடங்களைப் பிரித்துப் பாருங்கள். மனுஃபக்தூராவும் ஆஃப் பியோட்ர்கோவ்ஸ்காவும் ஒரே ரகம் இல்லை, கட்டுரைகளில்தான் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிடுகிறார்கள்.

மனுஃபக்தூரா என்பது இஸ்ரயேல் பொஸ்னான்ஸ்கியின் பருத்தி ஆலை. 27 ஹெக்டேர், கண்ணுக்கு எட்டிய வரை சிவப்புச் செங்கல். அப்சிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் எடுத்துச் சீர்செய்து 2006-ல் திறந்தது. உள்ளே கடைகள், திரையரங்கு, உணவகங்கள். நூற்பாலைக் கட்டடம் ஓட்டலாகிவிட்டது. பழைய நெசவுக்கூடத்தில் 2008-ல் வூச் கலை அருங்காட்சியகம் தன் இரண்டாவது கிளையைத் திறந்தது. அது மிக நல்ல இடம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அது ஒரு மால்தான், செங்கல் போர்த்திய மால். படைப்பாற்றல் என்று சொல்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதே சமயம் அந்த மால் வந்திருக்காவிட்டால் அந்தச் சுவர்கள் இன்று நின்றிருக்குமா என்றால், சந்தேகம்தான். ஊர்க்காரர்கள் அதை வெறுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நடுவில் இருக்கும் திறந்த சதுக்கத்தில் வெயில் காலத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும், பாதிப் பேர் ஒன்றும் வாங்க மாட்டார்கள்.

ஆஃப் பியோட்ர்கோவ்ஸ்கா வேறு கதை. அது ராமிஷ் என்பவரின் பழைய பருத்தி ஆலை. வாங்கிய கம்பெனிக்கு அங்கே பெரிய வளாகம் கட்டும் எண்ணம்தான் இருந்தது. 2008 நிதி நெருக்கடியில் திட்டம் படுத்துவிட்டது. இடம் சும்மா கிடக்கிறதே என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு, துணி வடிவமைப்பவர், கட்டடக்கலைஞர், மது விடுதி வைப்பவர் என்று, வாடகைக்கு விட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. அதாவது அந்த ஊரில் மிக "இயல்பாக" வளர்ந்ததாகக் கொண்டாடப்படும் இடம், ஒரு ரியல் எஸ்டேட் திட்டம் நின்றுபோனதால் வந்தது. இதைக் கட்டுரையில் போடுங்கள், உங்கள் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. விளம்பரப் பலகையில் எல்லாம் 19-ம் நூற்றாண்டு முதலாளிகள்தான், பொஸ்னான்ஸ்கி, ஷைப்ளர், க்ரோமன். போருக்குப் பிறகு நாட்டுடைமையாகி பொஸ்னான்ஸ்கி ஆலை யூலியன் மார்ஹ்லெவ்ஸ்கி என்ற கம்யூனிஸ்ட் தலைவர் பெயரில் ஓடிய நாற்பது சொச்ச வருடங்கள் அந்தப் பலகைகளில் ஒரு வரியோடு சரி. ஆனால் அங்கே வேலை பார்த்து இன்று உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரிந்தது அந்த ஆலைதான். தறிகளில் நின்றவர்களில் பெரும்பான்மை பெண்கள். 1970 டிசம்பரில் அரசு உணவு விலையை ஏற்றியது, கடற்கரை நகரங்களில் தொழிலாளர்களைச் சுட்டும்கூட விலையை இறக்கவில்லை, 1971 பிப்ரவரியில் வூச் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் இறக்கியது. பிரதமரே ஊருக்கு வந்து அவர்களிடம் பேச வேண்டியிருந்தது. 1981 ஜூலையில் குழந்தைகளோடு பட்டினி ஊர்வலம் போனதும் இதே ஊர்ப் பெண்கள்தான். இவ்வளவு பெரிய கதை கையில் இருக்க, முதலாளியின் மீசையைப் பலகையில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.


ஷ்பின்னெராய்_பக்கத்துவீடு:

லைப்சிக்கிலிருந்து எழுதுகிறேன். ஒப்பிட ஊர் வேண்டுமென்றால் இதை எடுங்கள், ஏனென்றால் இங்கே நிஜமாகவே கலைஞர்கள் முதலில் வந்தார்கள், பணம் பிறகுதான் வந்தது.

ஷ்பின்னெராய் 1884-ல் தொடங்கிய பருத்தி நூற்பாலை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2,40,000 நூற்புக் கதிர்களோடு ஐரோப்பியக் கண்டத்திலேயே பெரிய நூற்பாலை என்று பெயர் வாங்கியது. பத்து ஹெக்டேருக்குள் தொழிலாளர் வீடு, தோட்டம், குழந்தைகள் பள்ளி எல்லாம் சேர்ந்த ஒரு தனி ஊர். கிழக்கு ஜெர்மனி காலத்திலும் ஓடியது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு சந்தை போய், தனியார் கைக்கு மாறி, தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே நூற்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. காலியான அறைகளில் ஓவியர்கள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். நியோ ராவ்ஹ் அப்போது வந்தவர், உலகப் புகழ் வந்த பிறகும் அங்கேயே வரைகிறார். 2001-ல் ஒரு சிறிய குழு வளாகத்தை வாங்கியது, 2005-ல் ஐகன் பிளஸ் ஆர்ட் உள்ளிட்ட கேலரிகள் உள்ளே குடிவந்தன. இப்போது நூறு கலைஞர்கள் அளவில் வேலை பார்க்கிறார்கள்.

ஏன் இது நிலைத்தது என்று என்னைக் கேட்டால், என் கணக்கில் இரண்டு காரணம். முதலாவது அந்த உரிமையாளர்கள் அவசரப்படவில்லை. ஒரேயடியாக முழு வளாகத்தையும் பளபளப்பாக்கியிருந்தால் செலவுக்கேற்ப வாடகையை ஏற்றியிருக்க வேண்டும். அவர்கள் கூரை ஒழுகுகிற கட்டடத்தை முதலில் பார்ப்பது, வாடகை வர வர அடுத்ததைப் பார்ப்பது என்று போனார்கள். இன்னும் சில மூலைகள் அழுக்காகத்தான் இருக்கின்றன, அது நல்லதே.

இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். இந்தக் கலைஞர்கள் ஏதோ பெர்லினிலிருந்து மலிவு வாடகை தேடி வந்த கூட்டம் இல்லை. லைப்சிக்கின் கலைக் கல்லூரி 1764-ல் தொடங்கியது. சோஷலிச காலத்தில் மேற்கில் பலரும் உருவ ஓவியத்தைக் கைவிட்டபோது இங்கே ஹைசிக், ட்யூப்கே, மாட்ஹாயர் போன்றவர்கள் மனித உருவம் வரைவதைக் கறாராகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிக்கையும் இருந்தது, கைத்திறனும் இருந்தது. இரண்டாயிரத்தில் "புதிய லைப்சிக் பள்ளி" என்று நியூயார்க் கேலரிகள் அள்ளிக்கொண்டு போனது அந்தப் பயிற்சியைத்தான். ஆக, படைப்பாற்றல் 1989-க்குப் பிறகு வந்து இறங்கிய சரக்கு என்று எழுதினால் தவறாகிவிடும். வூச்சுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன், அங்கே திரைப்படப் பள்ளி 1948-லேயே வந்துவிட்டதே.

வாடகை பற்றியும் சொல்ல வேண்டும். 2000 வாக்கில் இந்த ஊரில் சுமார் 60,000 வீடுகள் காலி. 2004-ல் ஒரு சங்கம் "காவல் வீடுகள்" என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. உரிமையாளர் பழுதான வீட்டைச் சில வருடங்களுக்கு வாடகை இல்லாமல் கொடுப்பார், குடிவருபவர்கள் தண்ணீர், மின்சாரம் போன்ற செலவைப் பார்த்துக்கொண்டு வீடு இடிந்து விழாமல் காப்பார்கள். அருமையான யோசனை, பல தெருக்களைக் காப்பாற்றியது. ஆனால் கெடு முடிந்ததும் வீடு உரிமையாளருக்குத்தான், அதற்குள் அந்தத் தெருவுக்கு மவுசும் வந்திருக்கும். இன்று ஊரின் மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது, வீடு தேடி அலைகிறோம். நானும் போன வருடம் வாடகை உயர்வுக் கடிதம் வாங்கினேன், கடிதத்தில் "துடிப்பான கலைச் சூழல்" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சூழலில் எனக்குப் பங்கு ஒன்றும் கிடையாது, நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன்.


கரிப்புகை:

எல்லாரும் ஓவியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உலோகவியல் படித்தவன், செக் நாட்டின் ஒஸ்ட்ராவாவைச் சொல்கிறேன்.

வீட்கோவிட்சே இரும்பாலை 1828-ல் தொடங்கி 1998 செப்டம்பர் வரை இரும்பு வார்த்தது. ஊது உலைகள், நிலக்கரிச் சுரங்கம், கோக் அடுப்பு (நிலக்கரியைச் சுட்டு உலைக்கான எரிபொருளாக்கும் இடம்) மூன்றும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன, இப்படி ஐரோப்பாவில் வேறெங்கும் லேசில் பார்க்க முடியாது. இதை எந்த ஓவியர் கூட்டமும் மீட்டிருக்க முடியாது. ஊது உலையில் ஸ்டூடியோ போட்டு உட்கார முடியுமா? துரு, தார், மண்ணில் ஊறிய நஞ்சு, இதையெல்லாம் சுத்தம் செய்வதற்கே பெரும் பணம் வேண்டும். ஆலைக்குச் சொந்தக்காரர்களே முன்னின்று, ஐரோப்பிய ஒன்றிய நிதியை வாங்கி, யோசெஃப் ப்ளெஸ்கொட் என்ற கட்டடக்கலைஞரை வைத்துச் செய்தார்கள். 1924-ல் கட்டிய எரிவாயுத் தொட்டியின் மணி போன்ற இரும்பு மூடியை அப்படியே மேலே உயர்த்தி, அடியில் அரங்கம் கட்டினார்கள். கோங் என்று பெயர், 2012-ல் திறந்தது. ஒரு ஊது உலையின் தலையில் கண்ணாடிக் கோபுரம் வைத்து உசைன் போல்ட் பெயரைச் சூட்டினார்கள். கோடையில் பெரிய இசைத் திருவிழா அங்கேதான் நடக்கிறது.

ஆகப் பணம், பொறியியல், அப்புறம்தான் கலை. "படைப்பாற்றல்" என்பது நிதி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய கட்டம். வூச்சிலும் இசி1 மின் நிலையம், 1907-ல் ஓடத் தொடங்கியது, அதை அறிவியல் மையமும் கோளரங்கமுமாக மாற்றியதும் இப்படி ஒன்றிய நிதியில்தான். அங்கே அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச்சின் ஸ்டூடியோ வரும், பக்கத்தில் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் கெரி விழா மாளிகை கட்டுவார் என்றெல்லாம் பேசினார்களே, எது வந்தது? ஒளிப்பதிவுக் கலைக்கான கேமரிமேஜ் விழாவே 2010-ல் மூட்டை கட்டிக்கொண்டு பிட்கோஷ்ச் ஊருக்குப் போய்விட்டது.


தறிநாடா:

கரிப்புகை, கெரி மாளிகை பற்றிச் சொன்னது சரி, அது வராததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்றிய நிதியோடு கதை முடியாது. அதே நிதியில் வூச் மாநகராட்சி பழைய குடியிருப்புகளைத் தெருத் தெருவாகச் சீர்செய்கிறது. சீர்செய்ய வேண்டுமானால் உள்ளே இருக்கும் குடும்பங்களை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். திரும்பி வர உரிமை உண்டு என்று காகிதத்தில் இருக்கும், திரும்பி வரும்போது புது வாடகை இருக்கும். நிறையப் பேர் மாற்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.


ஆறாவது_மாடி:

லுப்லியானாவில் இரண்டு வருடம் படித்தேன், அதனால் ஸ்லோவேனியா பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அங்கே ரோக் என்று ஒரு சைக்கிள் தொழிற்சாலை. யூகோஸ்லாவியாவில் அந்தச் சைக்கிள் ஓட்டாத பிள்ளையே இருக்காது என்பார்கள். 1991-ல் மூடியது. கட்டடம் மாநகராட்சி கைக்கு வந்து சும்மா கிடக்க, 2006-ல் இளைஞர்கள் உள்ளே புகுந்தார்கள். சறுக்குப் பலகைக் களம், சர்க்கஸ் பயிற்சி, ஸ்டூடியோக்கள், பிறகு தஞ்சம் தேடி வந்தவர்கள் கூடி உட்கார ஒரு இடம். அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், குளிர்காலத்தில் உள்ளே பல் கிட்டிக்கும். 2016-ல் புல்டோசர் வந்தது, மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 2021 ஜனவரியில், கொரோனா கட்டுப்பாடு இருந்த சமயத்தில், தனியார் காவலர்களும் போலீசும் வந்து எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். 2023-ல் அதே இடத்தில் மாநகராட்சி "சென்டர் ரோக்" என்று படைப்பாளிகளுக்கான மையத்தைத் திறந்தது. பட்டறைகள் இருக்கின்றன, நூலகம் இருக்கிறது, கருவிகள் தரமானவை. பதினைந்து வருடம் காசில்லாமல் படைத்துக்கொண்டிருந்தவர்களைத் துரத்திவிட்டுப் படைப்பாற்றலுக்கு மையம் கட்டியிருக்கிறார்கள்.

உரிமையாளர் யார் என்பதே எல்லாம் என்று மேலே ஒருவர் சொல்ல வருகிறார், அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அதே ஊரில் கொஞ்ச தூரத்தில் மெதெல்கோவா இருக்கிறது, யூகோஸ்லாவிய ராணுவத்தின் பழைய பாசறை. 1993-ல் இடிக்க ஆரம்பித்ததும் ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள், இன்று வரை இருக்கிறார்கள். அதே மாநகராட்சி, அதே ஊர். வித்தியாசம் காலம்தான். 1993-ல் நாடே புதுசு, ராணுவம் அப்போதுதான் வெளியேறியிருந்தது, அந்த நிலத்துக்கு யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை. ரோக்கில் போய் உட்கார்ந்தபோது விலை ஏறிக்கொண்டிருந்தது.

ருமேனியாவின் க்ளுஜ் நகரத்தையும் பாருங்கள். அங்கே தூரிகை செய்துவந்த பழைய தொழிற்சாலை ஒன்றில் 2009-ல் ஓவியர்களும் கேலரிகளும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கினார்கள். அந்த வட்டத்தில் வளர்ந்த ஏட்ரியன் கெனியின் ஒரு ஓவியம் 2016-ல் லண்டன் ஏலத்தில் எழுபது லட்சம் பவுண்டைத் தாண்டி விற்றது. 2019-ல் அந்தத் தூரிகை ஆலையில் கலைஞர்கள் இல்லை. ஊரோ மென்பொருள் கம்பெனிகளால் நிரம்பி, ருமேனியாவிலேயே வீட்டு விலை அதிகமான இடமாகிவிட்டது.


நகர்_மாணவி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரோக், மெதெல்கோவா இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதலாம் என்று தோன்றுகிறது, ஒரே உரிமையாளர் என்பதால் ஒப்பீடு சுத்தமாக இருக்கும். வூச் பற்றி ஒரே ஒரு கேள்வி பாக்கி. தறியில் நின்ற அந்தப் பெண்கள் 1990-க்குப் பிறகு எங்கே போனார்கள்? இப்போது ஊருக்குச் சோறு போடுவது யார், கலையா?


தறிநாடா:

கலை இல்லை. சோவியத் சந்தை ஒரே வீச்சில் போனதும் மில்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரிசையாகச் சாய்ந்தன. ஐம்பதை நெருங்கியவர்கள் முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கி வீட்டில் உட்கார்ந்தார்கள், சிலர் சந்தையில் துணி விற்றார்கள், சின்னத் தையல் கூடங்களில் பதிவில்லாமல் தைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த மாதிரி பெரிய இழப்பீடு இவர்களுக்கு வரவில்லை. சுரங்கக்காரர்கள் வார்சாவுக்குப் போய்த் தெருவில் டயர் கொளுத்துவார்கள், அரசு பயப்படும்.

இப்போது வேலை கொடுப்பது வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகள், கிடங்குகள், எங்களைப் போன்ற கணக்கு அலுவலகங்கள். 2009-ல் டெல் அயர்லாந்தின் லிமரிக்கில் செய்துகொண்டிருந்த கணினித் தயாரிப்பை இங்கே மாற்றியது, அங்கே 1,900 பேருக்கு வேலை போனது. 2007-ல் இன்ஃபோசிஸ், பிலிப்ஸின் கணக்கு மையங்களை வாங்கியபோது சென்னை மையமும் வூச் மையமும் ஒரே ஒப்பந்தத்தில் கைமாறின. நம் ஆட்கள் இந்த ஊரில் அவ்வப்போது தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் கம்பெனிகளை ஊருக்கு அழைத்து வந்தது சிறப்புப் பொருளாதார மண்டலம், 1997-ல் தொடங்கியது, அதன் அலுவலகம் இருப்பது சீர்செய்த க்ரோமன் ஆலையில். கலைஞர்களைவிட வரிச்சலுகைதான் அதிக ஆலைக்கட்டடங்களுக்கு வெள்ளையடித்தது என்று வாதாடலாம், கரிப்புகை சந்தோஷப்படுவார்.

கட்டுரைக்கு ஒரு உபாயம். போலந்தின் நிலப் பதிவேட்டை இணையத்தில் பதிவு எண் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாலு ஆலைகளை எடுத்து, 1990-லிருந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த வங்கிக்கு அடமானம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் தலைவலி, மாநகராட்சி ஆவணங்களில் தேட வேண்டும். தொழிலாளர்கள் பக்கத்துக்கு கையரின் வெள்ளை ஆலையில் இருக்கும் நெசவு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். போலிஷ் தெரியாது என்றால் கடிதத்தை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.


கரிப்புகை:

சந்தோஷம்தான். அடமான விஷயத்தை முதலில் பார்க்கவும்.